தண்ணீருக்குக் காய்ச்சல்

குட்ரூன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தாள். அரசாங்கம் அவள் பொறுப்பில் விட்டிருந்தது இருபத்து நான்கு முயல்களை. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு எண். பெயர் வைக்காதே, வைத்தால் பின்னால் நீதான் அழுவாய் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தார்கள். குட்ரூன் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எட்டாம் நாள் காலை ரயிலில் அறிவிப்புக் குரல் நிலையம் நிலையமாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது அவளுக்கு யோசனை வந்துவிட்டது. முதல் கூண்டு டோஸ்ட்ரூப். இரண்டாவது ஆல்பர்ட்ஸ்லுண்ட். மூன்றாவது குளோஸ்ட்ரூப். கோபன்ஹேகன் போகும் பாதையின் வரிசை பிசகாமல் இருபத்து நான்கு நிலையங்கள். எட்டாவது கூண்டில் வால்பி, ஒரு காது மட்டும் தொங்கும் வெள்ளை முயல், அவளுடைய செல்லம். எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அதை யாரும் நம்பியதில்லை.

அது நான்காவது வால்பி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை முயல்களின் அனுமதிக் காலம் முடியும். டிசம்பரில் மருத்துவர் வந்து அவற்றைத் தூங்க வைத்துவிட்டுப் போவார். மருத்துவர் நல்லவர்தான், முயல்களுக்கு வலிக்காதுதான். ஆனால் அவை எழுந்திருக்காத தூக்கம் அது. ஜனவரியில் புது முயல்கள் வரும், குட்ரூன் அதே பெயர்களை வைப்பாள். பதினோரு வருடத்தில் மூன்று முறை அப்படி ஆகிவிட்டது. இந்த டிசம்பரில் நான்காவது முறை வரவிருந்தது.

முயல்களின் வேலை காய்ச்சல் வருகிறதா என்று காட்டுவது. நரம்பில் ஏற்றும் மருந்து எதுவானாலும், நோயாளிக்குக் காய்ச்சல் கிளப்பும் அழுக்கு அதில் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் கடைக்குப் போகலாம். அதற்காக முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் உட்கார வைப்பார்கள். பின்பக்கம் வெப்பமானியைச் செருகி, காது நரம்பில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊசி ஏறும்போது குட்ரூன் உள்ளங்கையால் முயலின் கண்களைப் பொத்தி, காதருகே குனிந்து நிலையங்களின் பெயரைச் சொல்வாள். டோஸ்ட்ரூப், ஆல்பர்ட்ஸ்லுண்ட், குளோஸ்ட்ரூப். வால்பி வருவதற்குள் ஊசி வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் இனி வேண்டாம் என்று எழுதியவள் மெரெதே. சுகாதார அமைச்சகத்தில் விதிகளை எழுதும் வேலை அவளுக்கு. குட்ரூனுடன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான்கு வருடம், பதினேழு முறை அடித்துத் திருத்தி, இரண்டே பத்தி எழுதியிருந்தாள். முதல் பத்தி: ஜனவரி முதல் தேதியிலிருந்து காய்ச்சல் சோதனைக்கு முயல் கிடையாது, பதிலாக மனித ரத்தத்தைச் சோதனைத் தட்டின் குழியில் விட்டு மருந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் அழுக்கு இருந்தால் குழி மஞ்சளாகும், இல்லாவிட்டால் நிறமில்லாமல் இருக்கும். இரண்டாம் பத்தி: வேலை முடிந்த முயல்களைப் பதினான்கு நாளுக்குள் வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கலாம், வீடு கிடைக்காதவை பழைய வழக்கப்படி.

இந்த இரண்டு பத்திக்கும் ஏழு பேர் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவில் கை தூக்கி வாக்கெடுக்கும் பழக்கமே இல்லை. ஏழு பேரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள், காபி குடிப்பார்கள், மறுபடி பேசுவார்கள். ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அடுத்த கூட்டம் ஏப்ரலில். ஏப்ரலில் வால்பி இருக்காது.

மறுத்துக்கொண்டிருந்த அந்த ஒருவர் ஹோல்கர். அறுபத்திரண்டு வயது, தலைமை ஆய்வாளர், குதிரைலாடம் போன்ற மீசை. அமைச்சரையே பெயர் சொல்லி நீ என்று கூப்பிடும் நாடு அது. ஹோல்கரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் அப்போது மட்டும் எல்லோருடைய குரலும் கொஞ்சம் இறங்கும்.

"பச்சைக் குழந்தைக்கு ஏத்தற மருந்து இது, மெரெதே," என்றார் போன கூட்டத்தில். "முப்பது வருஷமா முயல் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. உன் ரத்தம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. எங்கயோ வெளிநாட்டுல நடந்துச்சுன்னு பேப்பர காட்டாத. நம்ம இடத்துல, நம்ம ஆளுங்க ரத்தத்துல, என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு. சரியா வந்தா நானே கையெழுத்துப் போடறேன்."

ஆக நவம்பர் கூட்டம் குட்ரூனின் முயல் கூடம் இருந்த அரசாங்கப் பரிசோதனை நிலையத்திலேயே நடந்தது. ஒரு வாரக் கூட்டம், வெள்ளிக்கிழமை மதியம் முடியும். செவ்வாய்க்கிழமை ஹோல்கர் நான்கு புட்டிகளைத் தாமே நிரப்பி மூடி அரக்கு வைத்தார். இரண்டில் சுத்தமான உப்புத் தண்ணீர், இரண்டில் காய்ச்சல் அழுக்கு. எது எது என்று எழுதி உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரத்தம் கொடுக்க நான்கு பேர் முன்வந்தார்கள். முதல் ஆள் குட்ரூன். இத்தனை வருடம் முயல்களைப் பிடித்த கையை இப்போது நீட்டுவதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யெப்பே ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் உண்டா, சளி உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று தாளைப் பார்த்துக் கேட்டுவிட்டு ரத்தம் எடுத்தான்.

புதன்கிழமை காலை ஏழு பேர் குழு தட்டைச் சுற்றி நின்றது. தட்டில் நாற்பத்தெட்டு குழிகள். நாற்பத்தெட்டும் மஞ்சள்.

ஹோல்கர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்பா யெப்பே, சுத்தமான தண்ணிக்கே காய்ச்சல் வருதா?"

யெப்பேயின் முகம் தட்டைவிட மஞ்சளாகிவிட்டது. "இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்ல. நூறு தடவை செஞ்சிருக்கேன்."

"நூத்தி ஒண்ணாவது தடவைதான் குழந்தைக்குப் போய்ச் சேரும்," என்றார் ஹோல்கர். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் மெரெதேவுக்கு அழுகையைக் கிளப்பியது. "சரி. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் கூட்டம் இருக்கு. காரணம் தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா ஏப்ரல்ல பாப்போம்."

குட்ரூன் நேராக முயல் கூடத்துக்குப் போய் வால்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மெரெதேவும் பின்னாலேயே வந்து தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"பதினேழு தடவை எழுதினேன்டி," என்றாள். "பதினேழு தடவை. ஒரு காற்புள்ளிக்காக ரெண்டு வாரம் சண்டை போட்டிருக்கேன்."

"என் ரத்தம்தான் கெடுத்துடுச்சு. பாரேன், இத்தன வருஷம் இதுங்க காதுல குத்தினதுக்கு என் கையே பழி வாங்குது."

"உளறாத. நாலு பேர் ரத்தமும்தான் மஞ்சளாச்சு. நாலு பேருக்கும் ஒரே நேரத்துல என்ன வந்துடும்?"

வியாழக்கிழமை காலை தீவனம் வைக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கூண்டு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். எடை, வெப்பம், தடுப்பூசி, எல்லாம் குட்ரூன் கையெழுத்தில். ரோடோவ்ரேயின் கூண்டைத் திறக்கும்போது அட்டை அவள் மூக்குக்கு நேரே ஆடியது. அதில் போன வாரம் அவளே எழுதியிருந்தாள்: முயல் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. நான்கு வாரம் சோதனைக்கு ஆகாது.

குட்ரூன் தீவனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் மேலங்கியைப் பார்த்தாள். நெஞ்சில் வட்டமாக ஒரு நீல ஒட்டுச்சீட்டு: நான் போட்டுக்கொண்டேன்.

திங்கள்கிழமை அந்த நிலையத்தின் உணவகத்தில் செவிலி வந்து எல்லோருக்கும் குளிர்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டிருந்தாள். நாட்டு மக்களுக்கெல்லாம் போட்டுக்கொள் போட்டுக்கொள் என்று சொல்லும் நிலையம், தான் போட்டுக்கொள்ளாமல் இருக்குமா? சமர்த்துப் பிள்ளைகள் போல வரிசையில் நின்று, ஊசி வாங்கி, சீட்டு ஒட்டி, கேக் தின்று போனார்கள். வாசலில் சுவரொட்டி வேறு: எங்கள் நிலையத்தில் நூற்றுக்கு நூறு. மறுநாளே நான்கு பேர் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ரத்தம், உப்புத் தண்ணீரைப் பார்த்தும் எதிரி வந்துவிட்டான் என்று சத்தம் போட்டிருக்கிறது. முயலுக்குத் தவறாமல் எழுதும் விதியை மனிதருக்கு எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடின ஓட்டத்தில் மரச்செருப்பு ஒன்று நடைபாதையிலேயே நின்றுவிட்டது.

யெப்பே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, என் தாளுல அந்தக் கேள்வியே இல்லையே! எப்பவும் ரத்த வங்கியிலிருந்துதான் வாங்குவோம், அவங்களே கேட்டுடுவாங்க. நான் எழுதணும்னு நெனைக்கவே இல்ல."

"தலையில அடிச்சிக்கறத அப்புறம் வெச்சிக்க. இன்னிக்கு ரத்தம் எடுத்தா நாளைக்குக் காலைல முடிவு தெரியுமா?"

"தெரியும். ஆனா ஊசி போடாத ஆள் வேணும். நாளைக்குள்ள வெளியிலேருந்து வரவழைக்க முடியாது, அனுமதிக்கே ஒரு வாரம் ஆகும். நம்ம ஆளா இருக்கணும். நம்ம ஆளுங்கதான் நூத்துக்கு நூறாச்சே!"

யார் போட்டுக்கொள்ளவில்லை என்பது செவிலியின் பட்டியலில் இருக்கும். ஆனால் அதை அவள் காட்ட மாட்டாள், காட்டவும் கூடாது. ஊரறியக் கேட்பதைத் தவிர வழியில்லை.

வியாழன் பத்து மணிக்கு எல்லோரும் உணவகத்தில் கூடி கேக் சாப்பிடுவது அங்கே வழக்கம், முறை வைத்து ஒவ்வொருவர் கொண்டுவருவார்கள். அன்றைய கேக் தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் பூசியது. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, மேசைகளில் மெழுகுவத்தி எரிந்தது. குழுவினர் ஏழு பேரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். குட்ரூன் ஒற்றைச் செருப்போடு நாற்காலிமேல் ஏறி நின்றாள். நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

"அதனால கேக்கறேன். யாரெல்லாம் திங்கக்கிழமை ஊசி போட்டுக்கல? தப்பா நெனைக்க மாட்டோம். கட்டிப் பிடிச்சுக் கும்பிடுவோம்."

இருநூறு பேர். முள்கரண்டிகள் நின்றுவிட்டன. ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்தார்கள். எல்லா நெஞ்சிலும் நீல வட்டம். வேறு நாளாக இருந்தால் குட்ரூனுக்குப் பெருமையாக இருந்திருக்கும். அன்று அவள் சீட்டில்லாத ஒரு நெஞ்சைத் தேடினாள்.

அப்போது ஓரத்து மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. ஹோல்கர் எழுந்தார். நெஞ்சிலிருந்த நீலச் சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தார்.

"நான் போட்டுக்கல," என்றார்.

"சீட்டு?" என்றாள் குட்ரூன்.

"மேசைல கொட்டி வெச்சிருந்தாங்க. எடுத்து ஒட்டிக்கிட்டு, ஒரு துண்டு கேக்கும் எடுத்துக்கிட்டு, சமையக்கட்டு வழியாப் போயிட்டேன்." மீசைக்குக் கீழே முகம் செக்கச் சிவந்திருந்தது. "ஊசின்னா எனக்குப் பயம். சின்ன வயசுலேருந்து. மயக்கம் போட்டு விழுந்துடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் துடித்தவர்கள் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டார்கள். முப்பது வருடமாக முயல்களுக்கு ஊசி போட்ட தாள்களில் எல்லாம் கையெழுத்திட்டவர்!

"நீ சும்மா உக்காந்திருந்தா இது ஏப்ரலுக்குப் போயிருக்கும் ஹோல்கர்," என்றாள் மெரெதே. அவளால் நம்ப முடியவில்லை.

"நான் கேட்டது நியாயமான சோதனை. நேத்து நடந்தது நியாயமில்ல. அவ்வளவுதான்," என்றார் அவர், ஏதோ திட்டுவதுபோல.

ஹோல்கரே எழுந்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? கணினிப் பிரிவு ஆள் ஒருவன் கையைத் தூக்கினான், அன்று அவனுக்கு வேலை மும்முரமாம். சமையல்காரி கரண்டியை உயர்த்தினாள். கடைசியாக மெல்ல எழுந்தவள், நூற்றுக்கு நூறு என்று சுவரொட்டி அச்சடித்த விளம்பரப் பிரிவுத் தலைவி. "அச்சுக்கு அனுப்பற அவசரத்துல மறந்துட்டேன்," என்றாள். அப்போது எழுந்த சிரிப்பில் இரண்டு மெழுகுவத்தி அணைந்துபோனது.

மதியம் யெப்பே ஊசியை எடுத்தபோது ஹோல்கர் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டார். நாற்காலியின் கைப்பிடி கழன்றுவிடும்போல் பிடித்திருந்தார். குட்ரூன் பக்கத்தில் வந்து நின்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உள்ளங்கையால் அவர் கண்களைப் பொத்தி, தலையைத் தன் விலாவில் சாய்த்துக்கொண்டாள்.

"மூச்ச விடு. கூட வா. டோஸ்ட்ரூப். ஆல்பர்ட்ஸ்லுண்ட். குளோஸ்ட்ரூப்."

"என்ன இது? ரயிலா?"

"பேசாம வா. புருண்ட்பியூஸ்டர். ரோடோவ்ரே."

அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அவள் கையில் அவருடைய இமைகள் படபடத்தன, முயல்களின் இமை படபடக்குமே, அதே மாதிரி. விடோவ்ரே, டான்ஸ்ஹோய், வால்பி. யெப்பே பஞ்சை வைத்து அழுத்தினான்.

"ஆச்சா?" என்றார் ஹோல்கர் நம்பாமல்.

"ஆச்சு. வால்பியில எறங்கியாச்சு."

அவர் பஞ்சைத் தாமே பிடித்துக்கொண்டார். "அதுங்களுக்கும் இப்படித்தான் சொல்லுவியா?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஒவ்வொரு தடவையும் பயப்படுமா?"

குட்ரூன் பொய் சொல்லியிருக்கலாம். "ஒவ்வொரு தடவையும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தட்டைச் சுற்றி ஏழு பேரும் நின்றார்கள். இருபத்து நான்கு குழிகள் மஞ்சள், இருபத்து நான்கு குழிகள் வெறும் கண்ணாடியாக. ஹோல்கர் உறையைப் பிரித்தார். இரண்டாவது, மூன்றாவது புட்டி அழுக்கு. முதலாவதும் நான்காவதும் சுத்தம். தட்டு சொன்னதும் அதையேதான். அவர் ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தார். மெரெதே, குட்ரூனின் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் ரத்தமும் பொய் சொல்லல போலிருக்கு," என்றார் ஹோல்கர். "ஆனா ரெண்டு திருத்தம் இருக்கு."

மெரெதேவுக்கு உயிர் போய் வந்தது. பதினெட்டாவது திருத்தம்!

"ஒண்ணு, ரத்தம் குடுக்கறவங்க தாளுல தடுப்பூசி எப்பப் போட்டீங்கன்னு கேள்வி சேக்கணும். முயலுக்கு இருக்கற விதி நமக்கும். ரெண்டு," என்று பேனாவைத் திறந்தார், "வீடு கிடைக்காத முயலுக்குப் பழைய வழக்கம்னு எழுதியிருக்க. அத நான் அடிக்கறேன். பதினாலு நாளாவது, பதினாலு மாசமாவது. வீடு கிடைக்கற வரைக்கும் அரசாங்கமே சோறு போடட்டும். இவ்வளவு வருஷம் உழைச்சதுங்க."

யாருக்காவது மறுப்பு உண்டா என்று குழுத் தலைவி கேட்டாள். மறுப்பு இல்லை. காபிகூட ஆறவில்லை. குட்ரூன் அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், ஆய்வுக்கூடம் என்றும் பார்க்காமல் யெப்பேயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை முயல் கூடத்தின் வாசலில் சைக்கிள்களாக நின்றன, முன்னால் பெட்டி வைத்தவை, பின்னால் கூடை கட்டியவை. யாரோ பதினோரு சரணத்தில் ஒரு பாட்டு எழுதி, பழைய மெட்டில் போட்டு, தாள் தாளாக நகலெடுத்துக் கொடுத்திருந்தார்கள். நல்லது நடந்தால் பாட்டு எழுதாமல் இருக்க அந்த ஊர்க்காரர்களால் முடியாது. பதினோரு சரணத்தையும் பாடி முடிக்காமல் யாரையும் விடவும் மாட்டார்கள். முயலைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று குட்ரூன் கறாராகச் சொல்லிவிட்டதால் எல்லாம் ஜோடி ஜோடியாகப் போயின. டோஸ்ட்ரூப்பும் ஆல்பர்ட்ஸ்லுண்டும் சமையல்காரியோடு. ரோடோவ்ரேயும் விடோவ்ரேயும் மெரெதேவோடு.

கடைசியாக வந்தவர் ஹோல்கர். மழைக்கோட்டு, சைக்கிள் கூடையில் மடித்த கம்பளி. அவர் பெயருக்கு டான்ஸ்ஹோயும் வால்பியும் எழுதியிருந்தது. குட்ரூன்தான் எழுதினாள். அவளுடைய நாலாம் மாடி வீட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, ஹோல்கர் வீடோ அவள் வீட்டுக்கு அடுத்த தெரு. தோட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருந்தார்.

"வால்பிக்கு மட்டும் தடுப்பூசி பாக்கி," என்றார் மருத்துவர். அந்த டிசம்பரில் அவர் கொண்டுவந்த ஊசி அது ஒன்றுதான். "யாராவது பிடிச்சுக்கங்க."

குட்ரூன் கையை நீட்டினாள். அதற்குள் ஹோல்கர் முயலைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். வால்பி வெடவெடவென்று நடுங்கியது. ஊசியைப் பார்த்த ஹோல்கரும் நடுங்கினார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய உள்ளங்கையால் முயலின் கண்களைப் பொத்தி, தொங்கும் காதருகே குனிந்தார்.

"டோஸ்ட்ரூப்," என்றார் கரகரத்த குரலில். "ஆல்பர்ட்ஸ்லுண்ட். புருண்ட்பியூஸ்டர்."

"குளோஸ்ட்ரூப்ப விட்டுட்ட," என்றாள் குட்ரூன்.

"விரைவு வண்டிம்மா, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது," என்றார் ஹோல்கர், கண்ணைத் திறக்காமலே. மருத்துவர் ஊசியை எடுத்துவிட்டார்.

குட்ரூன் வழக்கம்போல் அட்டையை எடுத்தாள். தடுப்பூசி போடப்பட்டது என்று எழுதினாள். அடுத்த கட்டம், மறுபடி சோதனைக்கு ஆகும் நாள். பேனா பழக்கத்தில் அங்கே போய் நின்றது. நான்கு வால்பிகளுக்கு அந்தக் கட்டத்தில் தேதி எழுதிய கை அது. அவள் அட்டையை நூலிலிருந்து அவிழ்த்து, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க, ஹோல்கரின் மழைக்கோட்டுப் பையில் செருகினாள். உள்ளே பதினோராவது சரணம் ஆரம்பமாகியிருந்தது. இருவரும் பாடப் போனார்கள்.